மூலதன நயம்

கணக்கியல் படித்த காலத்தில் அதை
மூலதன நயம் என்றுதான் எழுதப் பழக்கினார்கள்.
பக்கத்து வகுப்பில் தமிழ் ஆசிரியை
கவிதை நயம் பாராட்டுக, பத்துப் புள்ளி, என்று
கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பார்.
இரண்டு நயமும் ஒன்றல்ல என்பது
எனக்கு நெடுநாள் நம்பிக்கை.

காலி வீதியில் நகைக்கடைக்கு மேலே
மூன்றாம் மாடியில் அலுவலகம்.
கடற்கரை ரயில் போனால்
கோப்பு இறாக்கை லேசாக நடுங்கும்.

ஒக்டோபர் மழை.
திருமதி புனிதவதனி ஜெகராசா
உறுதியை ஒரு பொலித்தீன் பையிலும்
கடவுச்சீட்டை இன்னொன்றிலும் சுற்றிக் கொண்டுவந்தார்.
ஃபுசல்ஸ் ஒழுங்கைத் தொடர்மாடி வீடு
கைமாறி இருபத்திரண்டு நாள்.
முப்பதுக்குள் படிவம் போகவேண்டும்.

சொந்த வதிவிடமானால் வரியில்லை.
மூன்று ஆண்டு உரித்து வேண்டும்,
அதில் இரண்டு ஆண்டு வசித்திருக்க வேண்டும்,
நாளாய் எண்ணி.
மாதமாய் அல்ல. மனதாய் அல்ல.

எண்ணினேன்.
மெல்பேர்னில் மகளின் முதற்பேறு:
நூற்றெழுபத்தெட்டு நாள்.
இரண்டாம் பேறு: நூற்றெழுபத்தொன்பது.
ஒரு கட்டுநாயக்க முத்திரையில் மை போதவில்லை,
மூன்றா எட்டா என்று
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
ஆயிரத்துத் தொண்ணூற்றைந்தில் கழித்தால்
எழுநூற்று முப்பத்தெட்டு.
தேவை எழுநூற்று முப்பது.
பேனாவை மூடினேன்.

"பிள்ளை, ஒரு விஷயம் விட்டுப்போச்சு.
தம்பி பெரியாஸ்பத்திரியில கிடந்தவன்.
பத்தொன்பது இரவு நான் அங்க வாங்கிலதான் படுத்தனான்.
அது பாஸ்போட்டில இராது.
ஆனா நான் வீட்டை இல்லைத்தானே.
எழுதுங்கோ."

இந்த நாற்காலிக்கு எத்தனை பேர்
இல்லாத நாட்களைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.
பூட்டிக் கிடந்த வீட்டு மின் பட்டியலில்
மாதம் நான்கு அலகு.
"இருட்டிலதான் இருந்தனான்" என்றார் ஒருவர்,
முகம் மாறாமல்.
இருந்த நாளைக் குறைக்கச் சொல்லி
யாரும் வந்ததில்லை.

எழுநூற்றுப் பத்தொன்பது.
பதினொரு நாள் குறைகிறது.
பதினொரு நாளின் விலை
அவருடைய ஏழு மாத ஓய்வூதியம்.
புத்தகங்களைப் புரட்டினேன்.
எந்த வழக்கிலும் ஆஸ்பத்திரி வாங்கு இல்லை.
வெளியே ஐந்தரை ரயில்.

"அந்த நாட்களில் உடுப்பு எங்கே தோய்த்தீர்கள்?"

முழித்தார்.
"இதென்ன கேள்வி?
விடிய ஆட்டோவில வந்து, குளிச்சு, தோய்ச்சு,
என்ர பல்கணியில விரிச்சுப் போட்டிட்டு
அவனுக்குக் கஞ்சியும் வச்சுக்கொண்டு திரும்பிப் போவன்.
கடல் காத்தெல்லே,
பின்னேரத்துக்குள்ள அப்பளம் மாதிரி ஆயிடும்."

தம்பி?
"அவனுக்கென்ன. கிரிக்கெட் பாக்கிறான்."

வேலைத்தாளில் எழுதினேன்:
மேற்படி பத்தொன்பது நாளும்
வாடிக்கையாளரின் உடுப்பு அவ்வீட்டிலேயே உலர்ந்தது.
வசிப்பு முறியவில்லை.
முதல் வாக்கியம் கோப்புக்குப் பொருந்தாதென்று வெட்டினேன்.
தேநீர் வந்தது. குடித்துவிட்டு
வெட்டியதைத் திரும்ப எழுதினேன்.
தமிழ் ஆசிரியை பார்த்தால்
பத்துக்கு எத்தனை போட்டிருப்பாரோ.
இறைவரித் திணைக்களத்தில் யாராவது கேட்டால் கேட்கட்டும்:
ஆஸ்பத்திரி இரவுகளை ஒளிக்கவில்லை,
திகதியோடு இணைப்பில் இருக்கின்றன.
வரி: பூச்சியம்.

கையெழுத்து வைக்கக் குனிந்தவர்
இரண்டாம் பக்கத்தில் நின்றார்.
தற்போதைய வதிவிட முகவரி.
ஜனவரியில் மூன்றாம் முறை போகிறாராம்,
திரும்பும் சீட்டு எடுக்கவில்லை.
அதுவரை ஒன்றுவிட்ட அக்காவின் முன்னறை,
வத்தளையில், உடுப்புக் காயப்போட
பின்பக்கத்தில் ஒரு கம்பி.

"இதில என்னத்தைப் போட?"

பொலித்தீன் பையிலிருந்து மழை
மேசையில் சொட்டிக்கொண்டிருந்தது.
இன்னும் எட்டு நாள் இருக்கு, என்றேன்.